பூவாளூரிலிருந்து டொராண்டோ வரை: மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனின் தொழில் வாழ்க்கை – ஒரு நிகழ்வு ஆய்வு

1971-இல் திருச்சி சங்கரனுக்கு வயது 29. பதிமூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில், குரு பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்து அரங்கேறியவர். அதன்பின் முன்னணி வித்வான்கள் பலருக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பெயர் எடுத்திருந்தார். சென்னையில் ஒரு மிருதங்கக்காரருக்குத் தேதிகள் குவியத் தொடங்கும் வயது அது. அந்த நேரத்தில்தான் அவர் கனடாவுக்குப் போய், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார்.

அந்த முடிவையும் அதிலிருந்து விளைந்தவற்றையும்தான் இங்கே ஆராய்கிறேன். அவரைப் பற்றிய அறிமுகங்களில் "மிருதங்கக் கலைஞர், பேராசிரியர், இசையமைப்பாளர்" என்று மூன்றையும் அடுக்கிச் சொல்வது வழக்கம். படித்தால் ஒரே மனிதர் மூன்று வேலை பார்த்ததுபோல் இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கற்பித்தல்தான் அவரை இசையமைப்பாளர் ஆக்கியது. வகுப்பறையில் எழுந்த தேவைகளுக்காக அவர் தன் கலையைப் பிரித்துப் பார்த்தார். பிரித்த பிறகு கையில் கிடைத்தவற்றை வைத்து வேறு வாத்தியங்களுக்கு எழுதினார். இதை அவருடைய பின்னணியிலிருந்தே பார்த்துக்கொண்டு வருகிறேன்.

குருவிடம் கிடைத்தது

சங்கரன் 1942-இல், லால்குடிக்கு அருகிலுள்ள பூவாளூரில் பிறந்தார். முதலில் தன் உறவினர் பூவாளூர் வெங்கடராமனிடம் கற்றார், அப்புறம் பழனியிடம் சேர்ந்தார். பழனியின் தந்தை முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் சீடர். இதைப் புதுக்கோட்டைப் பாணி என்பார்கள். கணக்கில் கூர்மை அதிகம் உள்ள பாணி. சங்கரன் மிருதங்கத்தோடு கஞ்சிராவும் வாசிப்பவர் என்பதற்கும் இந்த வழிதான் காரணம்.

பழனி இடக்கைக்காரர். கச்சேரி மேடையில் இது சின்ன விஷயம் அல்ல. வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார். அப்போதுதான் வலந்தலை, அதாவது மிருதங்கத்தில் வழக்கமாக வலக்கை வாசிக்கும் முகம், சபையைப் பார்த்து இருக்கும். இடக்கைக்காரருக்கு எல்லாம் எதிர்மாறு. அவர் பாடகரின் இடப்பக்கம் வர வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு எல்லா வயலின் வித்வான்களும் இசையவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பழனியைத் தன் கச்சேரிகளில் பிடிவாதமாக வைத்துக்கொண்டதால்தான் அந்தக் கதவு திறந்தது. (எதிரே உட்கார்ந்து கற்கும் வலக்கை மாணவனுக்கு இடக்கை குரு ஒரு வரம் என்பது என் எண்ணம். குருவின் வலந்தலை தன் வலந்தலைக்கு நேராகவே தெரியும், மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.)

பழனியின் வாசிப்பில் எல்லோரும் நினைவுகூர்வது தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் மறு முகம்) அவர் கொடுத்த கும்கி என்ற வழுக்கும் நாதம். அடுத்தது, கடினமான கணக்கையும் கடினம் தெரியாமல் பாட்டோடு ஒட்டி வாசித்தது. ஒரு தீர்மானம் (மூன்று முறை வந்து முடியும் முத்தாய்ப்பு) எங்கே தொடங்கியது என்று கேட்பவருக்குப் புரிவதற்குள் அது சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், வந்து இறங்கிவிடும். சங்கரனுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. வெறும் கணக்கு மட்டும் கிடைத்திருந்தால், பின்னால் அவர் செய்தவை தாளில் மட்டும் அழகாக இருக்கும் பயிற்சிகளாக நின்றுபோயிருக்கும்.

பழனி 1962-இல் மறைந்தார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் தாளக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி அளவுக்குப் பெரிய ஒரு கலைஞர் அதைப் பார்க்காமலே போய்விட்டார். சங்கரன் தொழிலுக்கு வந்த காலத்தில் பக்கவாத்தியக்காரரின் இடம் எது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அழைப்பிதழில் பெயர் கீழே, சன்மானமும் கீழே. நிகழ்ச்சியில் என்ன பாடுவது என்பதில் சொல் இல்லை, தாளக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு எத்தனை நிமிடம் என்பதையும் பாடகர்தான் முடிவு செய்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிருதங்கக்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாக எதையாவது அமைத்துக்கொண்டேதான் இருக்கிறார்: கணக்குப்படி கட்டிய முடிப்புகளான கோர்வை, மோரா, தீர்மானம் எல்லாமே அமைப்புகள்தான். ஆனால் ஒரு கீர்த்தனைக்கு இருப்பதுபோல், ஆக்கியவரைக் காட்டும் முத்திரை அவற்றுக்குக் கிடையாது. ஒரு நல்ல கோர்வை அடுத்த மாதமே நாலு பேர் கையில் வந்துவிடும், யார் போட்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள். "இசையமைப்பாளர்" என்ற பெயர் ஒரு தாளக் கலைஞருக்கு உள்ளூரில் கிடைக்க வழியே இல்லாத ஏற்பாடு இது.

யார்க்

சங்கரனுக்கு முன்பே இந்தப் பாதையில் ஒருவர் போயிருந்தார். அவரும் பழனியின் சீடர்தான்: டி. ரங்கநாதன், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. 1963-இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கப் போனார். அங்கே ரங்கநாதனின் தம்பி டி. விஸ்வநாதனிடம் கர்நாடகப் பாட்டு கற்றவர் ஜான் ஹிக்கின்ஸ். தமிழ்நாட்டு ரசிகர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தார்கள். இந்த ஹிக்கின்ஸும் சங்கரனும் சேர்ந்துதான் யார்க்கில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். ஆக, வட அமெரிக்காவில் மிருதங்கம் பல்கலைக்கழகப் பாடமாக வேர்விட்ட கதையில் ஒரே குருவின் இரண்டு சீடர்கள் இருக்கிறார்கள். இதைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

ஹிக்கின்ஸ் சில ஆண்டுகளில் வெஸ்லியனுக்கே திரும்பிவிட்டார். 1984-இல் சாலை விபத்தில் இறந்தார். சங்கரன் யார்க்கிலேயே இருந்தார், பல பத்தாண்டுகள்.

அங்கே அவருக்கு எதிரே உட்கார்ந்த மாணவர் யார் என்பதை யோசித்தால்தான் மற்றதெல்லாம் புரியும். குருகுலத்தில் வரும் பையனுக்குத் தாளம் ஏற்கெனவே காதில் இருக்கும். கோயிலில் நாகசுரமும் தவிலும் கேட்டிருப்பான், வீட்டில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். "த தி தொம் நம்" என்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் கையைப் பழக்குவான். ஏன் என்று கேட்க மாட்டான், கேட்கவும் முடியாது. குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட கச்சேரிகளில் பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

யார்க்கில் வந்தவர்களில் பலருக்கு ஆதி தாளம் என்றால் என்னவென்றே தெரியாது. சிலர் மேலை நாட்டு டிரம்ஸ் வாசிப்பவர்கள், சிலர் பியானோ மாணவர்கள், சிலர் இசையமைப்பு படிப்பவர்கள். வாரத்துக்குச் சில மணி நேர வகுப்பு, பருவ முடிவில் மதிப்பெண். அந்தக் கால அளவுக்குள் மிருதங்கத்தில் ஒரு நல்ல "நம்" வரவைப்பதே பெரிய காரியம். மீட்டு (வலந்தலையின் ஓரத்தில் விழும் அடி) சுத்தமாக விழுவதற்கே மாதங்கள் ஆகும் என்பது கற்றவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் அந்த வகுப்பில் எதைக் கற்றுக்கொடுப்பது? சங்கரனின் தொழில் வாழ்க்கையில் மிக முக்கியமான திருப்பம் என்று நான் கருதுவது இந்த இடத்தைத்தான். அவர் சொற்கட்டை முன்னால் வைத்தார். கையில் தாளம் போட்டுக்கொண்டு மிருதங்கச் சொற்களை வாயால் சொல்வது. இதற்கு வாத்தியமே வேண்டாம். தோல் இல்லை, வார் இல்லை, விரல் வலி இல்லை. முதல் நாளிலேயே லயத்துக்குள் நுழைந்துவிடலாம். இப்படிச் சொல்லும் கலையான கொன்னக்கோல் நம் ஊரில் அந்தக் காலத்தில் கச்சேரி மேடையிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கியிருந்தது. வாத்தியம் கற்பதற்கான படிக்கட்டு என்ற அளவில்தான் அதைப் பார்த்தார்கள். டொராண்டோ வகுப்பறையில் அது தனிப் பாடமாகவே நின்றது. மிருதங்க வாசிப்பின் கொள்கைகளையும் பயிற்சியையும் விளக்கி 1994-இல் ஒரு நூல், கொன்னக்கோலுக்கென்றே 2010-இல் இன்னொரு நூல் என்று அவர் எழுதியதும் இந்த வழியில்தான்.

கற்பித்தலுக்காக ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு 1990-இல் அவருக்கு விருது கொடுத்தது. எல்லாத் துறை ஆசிரியர்களுக்கும் பொதுவான விருது அது. அதை ஒரு மிருதங்கக்காரர் வாங்கினார்.

ஒரு கணக்கு

சொற்கட்டை வாத்தியத்திலிருந்து பிரிப்பதால் என்ன நடக்கிறது என்பதை ஓர் எளிய உதாரணத்தில் காட்டுகிறேன். உதாரணம் நான் போட்டது, அவருடைய பாடத்திலிருந்து எடுத்ததல்ல. லயம் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்து போகலாம்.

ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது ஒரு சுற்றில், 8 அட்சரம் (எண்ணிக்கை). அட்சரத்துக்கு 4 மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. "ததிங்கிணதொம்" என்ற சொல்லுக்கு 5 மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, நடுவே இரண்டு இடத்திலும் 2 மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 5+2+5+2+5, மொத்தம் 19. 32-இல் 19 போனால் 13. ஆக, 13 மாத்திரை விட்டு, அதாவது மூன்று அட்சரமும் ஒரு மாத்திரையும் கழிந்ததும் எடுத்தால், கடைசி "தொம்" முடிந்து அடுத்த அடி சரியாகச் சமத்தில் விழும்.

இப்போது மூன்றும் ஒரே அளவாக இல்லாமல் வளரட்டும்: 5, 6, 7. கார்வை அதேதான். 5+2+6+2+7, மொத்தம் 22. 10 மாத்திரை விட்டு, இரண்டரை அட்சரத்தில் எடுக்க வேண்டும். இது ஸ்ரோதோவகம், வரவர அகலும் யதி. திருப்பிப் போட்டு 7, 6, 5 என்று சொன்னால் கோபுச்சம், வரவரக் குறுகும். தொகை அதே 22, எடுக்கும் இடமும் அதே. ஆனால் கேட்கும்போது முதலாவது நிதானமாக விரிந்து வந்து இறங்கும், இரண்டாவது நெருக்கிக்கொண்டு வந்து இறங்கும்.

இந்தக் கணக்கில் எங்காவது மிருதங்கம் இருக்கிறதா? இல்லை. புல்லாங்குழலுக்குக் கொடுக்கலாம், செலோவுக்குக் கொடுக்கலாம், பத்துப் பேர் சேர்ந்து வாயால் சொல்லலாம். குருகுலத்தில் கற்றவருக்கு இது விரலோடு ஒட்டி வருகிறது. "ததிங்கிணதொம்" என்றாலே கை அந்த இடங்களுக்குப் போய்விடும், சொல்லும் அடியும் ஒன்றாகவே இருக்கும். ஆண்டு தோறும் புதிய மாணவர்களுக்கு முன்னால் நின்று அதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லும் ஆசிரியருக்கோ, சொல் தனியாகவும் அடி தனியாகவும் தெரியத் தொடங்குகிறது. சங்கரனின் இசையமைப்பு அங்கேதான் பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

இதில் ஆபத்தும் உண்டு. எண்ணை முதலில் கற்றவர் எண்ணையே இசை என்று நினைத்துவிடலாம். சர்வலகு (பாட்டோடு இயல்பாகப் போகும் நடை) ஓடாமல் கணக்கு மட்டும் ஓடும் வாசிப்பை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். வாயால் சொல்லும் பயிற்சி இதற்கு ஓரளவு மருந்து: சொல்லும்போது மூச்சு வேண்டும், அழுத்தம் வேண்டும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே குரல் ஏறி இறங்கும். தாளில் எழுதிய எண்ணுக்கு இது எதுவும் கிடையாது.

வேறு வாத்தியங்களுக்கு எழுதியது

டொராண்டோ அவருக்கு நல்ல இடமாக அமைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நகரத்தை மையமாகக் கொண்ட நெக்சஸ் தாளவாத்தியக் குழு தொடங்கியதும் அதே 1971-இல்தான். மேலை நாட்டுத் தாளக் கலைஞர்கள் பல நாடுகளின் முழவுகளையும் மணிகளையும் தேடிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சங்கரன் அவர்களோடு சேர்ந்து வாசித்தார். நெக்சஸைச் சேர்ந்த ஜான் வையர் பல நாட்டுத் தாளக் கலைஞர்களை ஒன்றுதிரட்டி அமைத்த வேர்ல்ட் டிரம்ஸ் குழுவிலும் இருந்தார். 1986-இல் வான்கூவரில் நடந்த எக்ஸ்போவில் அந்தக் குழு வாசித்தது. இப்படிப்பட்ட மேடையில் பக்கவாத்தியம் என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் தாளக்காரர்கள். யாராவது ஒருவர் அமைப்பைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மேலை இசையின் சிறு குழுக்களுக்கும், வெண்கல மணிகளும் கோங்குகளும் சேர்ந்த இந்தோனேசிய கேமலான் குழுவுக்கும் அவர் எழுதினார். இதில் கேமலான் எனக்குத் தனி ஆர்வம் தரும் பகுதி.

ஜாவாவின் கேமலானில் பெரிய கோங் ஒரு சுற்றின் கடைசி எண்ணில் ஒலிக்கும். அவர்களுக்குச் சுற்றின் கனம் முடிவில் இருக்கிறது. நாம் சமத்தை முதல் எண்ணாக எண்ணுகிறோம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். ஆனால் மிருதங்கக்காரரின் காதால் கேட்டுப் பாருங்கள்: கோர்வையும் மோராவும் சமத்திலிருந்து கிளம்புவதற்காகவா இருக்கின்றன, சமத்துக்குப் போய்ச் சேர்வதற்காக அல்லவா? நம்முடைய தீர்மானம் முழுவதும் வரப்போகும் ஓர் அடியை நோக்கிய ஏற்பாடு. அந்த அடியில் ஒரு கோங் ஒலித்தால் அது கொஞ்சமும் அந்நியமாக இருக்காது. எண்ணும் முறையில் வேறுபடும் இரண்டு மரபுகளும் "போய்ச் சேரும் இடம்" என்பதில் ஒன்றுபடுகின்றன. கர்நாடக லயத்தைக் கேமலானுக்கு எழுத முடிந்ததற்கு இந்த ஒற்றுமை பெரிய துணை என்று தோன்றுகிறது.

சாய்வு மேசையில் தாளை வைத்துப் பார்த்து வாசிக்கும் மேலை இசைக்காரர்களுக்கு எழுதுவது இதைவிடக் கடினம். அவர்களுக்கு எல்லாம் எழுதித் தரப்பட வேண்டும். தனி ஆவர்த்தனத்திலோ பெரும்பகுதி அந்த நேரத்தில் பிறப்பது. எதை எழுதுவது, எதை மேடைக்கு விடுவது என்ற எல்லையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். தனியில் குறைப்பு நடக்கும் விதம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. மிருதங்கமும் கடமும் மாறி மாறி இரண்டு ஆவர்த்தனம், அப்புறம் ஒன்று, அரை, கால் என்று அளவைச் சுருக்கிக்கொண்டே போய், கடைசியில் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசிக்கிறார்கள். அளவு நிச்சயம், உள்ளே வருவது சுதந்திரம். வேறு மரபுக்காரரோடு சேரும்போது இந்தச் சட்டகம் அப்படியே கைகொடுக்கும்.

விலை

எல்லாம் ஆதாயமாகவே இருந்தது என்று எழுதினால் ஆய்வு ஆகாது. பக்கவாத்தியக்காரரின் தொழில் பக்கத்தில் இருப்பதால் நடப்பது. காலையில் போன் வந்தால் மாலையில் மேடையில் இருக்க வேண்டும். ஒரு பாடகரோடு ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போனால்தான் அவர் எங்கே நிரவல் எடுப்பார், எங்கே மூச்சு விடுவார் என்பது கைக்குத் தெரியும். டொராண்டோவில் வாழ்ந்துகொண்டு அந்த உறவைக் காப்பாற்ற முடியாது. மார்கழி சீசனுக்குச் சென்னை வந்து வாசிப்பதை அவர் தொடர்ந்து கடைப்பிடித்தார். ஆனால் அது ஒரு மாதம். மிச்சப் பதினொரு மாதத்தில் இங்கே வேறு ஜோடிகள் அமைந்துவிட்டன, ஒரு தலைமுறை ரசிகர்களுக்கு வேறு மிருதங்கங்கள் பழகிவிட்டன.

தோல் வாத்தியத்தைக் குளிர்நாட்டில் வைத்து வாழ்வதும் எளிதல்ல. சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் தோல் இறுகி ஸ்ருதி ஏறும். சென்னையில் மூட்டு (தோல் முகம்) மாற்றவும் கரணை (நடுவில் உள்ள கருப்புப் பூச்சு) போடவும் தெரிந்த கைகள் கூப்பிடு தூரத்தில் உண்டு, அங்கே அப்படி இல்லை.

2011-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. சென்னையை விட்டுப் போய் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த அங்கீகாரம். அதற்கு முன்பே, 1998-இல், கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. இந்த வரிசை எதைக் காட்டுகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அகாடமி கௌரவித்தது முதன்மையாக மிருதங்க வித்வானை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் வேற்று வாத்தியங்களுக்கு எழுதியவை சென்னை சபாக்களின் நிகழ்ச்சி நிரலுக்குள் வரவில்லை. வாய்ப்பாட்டு, நடுவில் ஒரு தனி, கடைசியில் மங்களம் என்று அமைந்த மேடையில் அவற்றுக்கு இடம் ஏது? ஒரு மாலை முழுக்க அவற்றை மட்டும் கேட்கக் கிடைத்தால், டிக்கெட் வாங்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

ஊரிலேயே இருந்தவர்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வாழ்க்கையும் வேண்டும். காரைக்குடி மணி (1945–2023) சென்னையிலேயே இருந்தவர். அவரும் வாசித்தார், ஏராளமான சீடர்களை உருவாக்கினார், இசையமைத்தார். ஸ்ருதி லயா என்ற குழுவை அமைத்து, மிருதங்கம் மையத்தில் நிற்கும் நிகழ்ச்சிகளைத் தானே உண்டாக்கிக்கொண்டார். ஆஸ்திரேலிய ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து படைத்தார். ஊரைவிட்டுப் போகாமலே இதைச் செய்ய முடிந்தது என்பதால், "வெளிநாடு போனால்தான் இசையமைப்பாளர் ஆகலாம்" என்று சங்கரனின் வாழ்க்கையிலிருந்து முடிவு கட்டக் கூடாது.

வேறுபாடு எங்கே என்றால், மணியிடம் இருந்தது குருவைச் சுற்றித் திரண்ட சீடர் கூட்டம். அவர்கள் மிருதங்கக்காரர்களாகவே உருவானார்கள், அவருடைய அமைப்புகள் அவர்கள் கை வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சங்கரனின் வகுப்பில் படித்தவர்களில் பெரும்பாலோர் மிருதங்கக்காரர்கள் ஆகவில்லை. அவர்கள் தாங்கள் கற்றதைத் தங்கள் டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் பாட்டுக்கும் கொண்டுபோனார்கள். அவருடைய மகள் சுபா சங்கரனே டொராண்டோவின் ஆட்டோரிக்‌ஷா குழுவில் பாடுபவர். கர்நாடக இசையும் ஜாஸும் கலந்து வரும் குழு அது. பரம்பரை என்று நாம் சொல்லும் கணக்கில் இவர்களை எங்கே வைப்பது? ஒரு சீடன் குருவின் கும்கியைக் கொண்டுவரவில்லை, ஆனால் குருவின் 5, 6, 7-ஐ ஒரு கிட்டாரில் கொண்டுவருகிறான் என்றால் அவனும் பழனி வழி வந்தவன் என்றுதான் நான் சொல்வேன். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள், அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. நாதம் இல்லாத கணக்கைப் பழனி ஏற்றிருக்க மாட்டார்.

இன்றைய இளம் மிருதங்கக்காரர் ஒருவர் இந்தப் பாதையை அப்படியே பின்பற்றலாமா? 1971-இல் ஒரு பல்கலைக்கழகம் புதிய படிப்பையே தொடங்கி நிரந்தரப் பதவியும் கொடுத்தது. அந்தப் பதவிதான் இத்தனை ஆண்டு நிதானமாகப் பிரித்துப் பார்க்கவும் எழுதவும் அவருக்கு நேரம் கொடுத்தது. இன்று வெளிநாட்டு மாணவர்கள் வேண்டுமானால் திரை வழியாகவே கிடைப்பார்கள், சென்னையை விட வேண்டியதில்லை, சீசனும் தவறாது. ஆனால் அரை மணி, முக்கால் மணி என்று துண்டு துண்டாகத் தனித்தனி மாணவர்களுக்குப் பாடம் எடுத்து ஓடும் ஆசிரியருக்கு, மிருதங்கம் தெரியாத முப்பது பேர் ஒரே அறையில் சேர்ந்து கையில் தாளம் போட்டு உரக்கச் சொல்வதைக் கேட்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. சேர்ந்து வாசிக்க ஒரு குழுவோ, எழுதியதை வாசித்துப் பார்க்கப் பக்கத்து அறையில் ஒரு கேமலானோ கிடைப்பதில்லை.